ஈரச் சாக்கில் சாய்ந்த வெப்பமானி

சிமெண்ட் கல் வார்க்கும் பட்டறையில் அவளுக்கு ‘ஆனாலும் அக்கா’ என்று பெயர். பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட, “ஆனாலும்...” என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். காரணம் இல்லாமல் இல்லை. ‘கெட்டியாகத்தான் கட்டியிருக்கு’ என்று முதலாளி ஒருவர் சொன்ன சாரத்தில் ஏறிய அவள் கணவன் உயிரோடு இறங்கவில்லை. அன்றிலிருந்து பிறர் வாய்ச்சொல்லை அவள் காசுக்கு மதிப்பதில்லை.

பட்டறையில் ஒரு விதி இருந்தது. வெப்பமானி நாற்பதைத் தாண்டினால் வெயில் தாழும்வரை வேலை நிற்கும். அந்தக் கோடை முழுக்க அது தாண்டவே இல்லை. கல் அடுக்கிக்கொண்டிருந்த அவள் தங்கை, ஆறு மாதக் கர்ப்பிணி, மயங்கி விழுந்த அன்றும் முப்பத்தேழுதான்.

“வெயில் மண்டையைப் பிளக்குது. இது மட்டும் எப்படி முப்பத்தேழுலயே குந்திக்கிட்டிருக்கு?” என்றாள் அக்கா.

அடுத்த நாள் மதியம் அவளே வெப்பமானியைக் கழற்றி, வெட்டவெளியில் இரும்புத் தூணில் கட்டினாள். சற்று நேரத்தில் ஐம்பத்திரண்டு! பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கூடினார்கள்.

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏம்மா, வெயில்ல வெச்சா கண்ணாடிதான் சுடும். அளக்க வேண்டியது காத்தோட சூட்டை. நெழல்லதான் வைக்கணும், உலகம் பூரா அப்படித்தான். உன் தலையை அடுப்புல வெச்சிட்டு ‘காய்ச்சல்’னு சொல்லுவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைகூட, “வாக்கா, மானம் போகுது” என்று முந்தானையை இழுத்தாள்.

அவன் சொன்னது உண்மை. அதை அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் உண்மையைச் சொல்லிக்கொண்டே பொய்யை மறைக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். வெப்பமானி இருந்த பழைய இடத்துக்குப் போனாள். கல் காயாமல் இருக்கப் போர்த்தும் ஈரச் சாக்குகள் அங்கே சுவரோரம் தொங்கின. கழற்றிய அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை; ஆணி அடித்த இடமோ அந்தச் சாக்கின் மடிப்புக்குள். கையை விட்டாள், ஜில்லென்றிருந்தது.

“நெழல் சரி மேஸ்திரி. இந்த ஈரம் எதுக்கு? ஈரம் காயும்போது சூட்டை இழுத்துக்கும்னு எங்களுக்கும் தெரியும். காய்ச்சல்காரி நெத்தியில ஈரத்துணி போடுறது பின்ன எதுக்கு?”

“யாரோ தெரியாம மாட்டிட்டாங்க...”

“தெரியாம நடக்குற தப்பு ஒரு தடவையாவது எங்க பக்கம் சாய்ஞ்சிருக்கணுமே! எப்பவும் உங்க பக்கமே சாயுது?”

“காலநிலையே மாறிப்போச்சும்மா, பழகிக்கணும்.”

“காலநிலை பல வருசக் கணக்கு. இன்னிக்கு மதியத்துக் கணக்கை மொதல்ல சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கிடங்கின் காற்றோட்டமான முன்வாசலில், வெயிலும் ஈரமும் படாத உயரத்தில், வெப்பமானியைத் தங்கையே தொங்கவிட்டாள். பாதரசம் மெல்ல ஏறி நாற்பத்திரண்டில் நின்றது. மேஸ்திரி இரண்டு முறை தட்டிப் பார்த்தான். பிறகு போய்க் கலவை இயந்திரத்தை அணைத்தான்.

தங்கை உள்ளே சாக்கு விரித்துப் படுத்த உடனே தூங்கிப்போனாள். அக்கா படுக்கவில்லை. வெப்பமானிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் அருகே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.