தொண்டூர் ஃபீடரும் என் அவசரப் புத்தியும்

செஞ்சிப் பக்கத்து சப்-ஸ்டேஷன் ஒன்றில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அங்கே இருந்தவை ஆயில் பிரேக்கர்கள். லைனில் கோளாறு வந்தால் தானாகவே கரண்டை அறுத்துவிடுவதுதான் பிரேக்கரின் வேலை. ஆயில் பிரேக்கர் அதைச் செய்யும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். சில முறை பெரிய கோளாறை அறுத்தாலே உள்ளே எண்ணெய் கறுத்துப்போகும். அதை மாற்றி முடிக்கும்வரை ஊரே எங்களைத் திட்டும். பிறகு காஸ் நிரப்பியது வந்தது. பிரஷர் முள் இறங்குகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

கடைசியாக வந்தது வேக்கம் பிரேக்கர். எண்ணெயும் இல்லை, காஸும் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த சின்னக் குடுவைக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் துளி விலகிப் பதினோராயிரம் வோல்ட்டை அறுத்துவிடுகின்றன. ‘டக்’. அவ்வளவுதான். வேலையை முடித்துவிட்டு அலட்டிக்கொள்ளாத ஆட்களை எனக்குப் பிடிக்கும், இதையும் பிடித்துப்போனது.

போன ஆடிக் காற்றில், ஒரு மதியம், தொண்டூருக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன், அதாவது தொண்டூர் ஃபீடர், டிரிப் ஆனது; பிரேக்கர் அறுத்துவிட்டது. அப்படி ஆனால் சற்றுப் பொறுத்து பிரேக்கரை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் ஏதாவது தென்னை மட்டை லைனில் உரசியிருக்கும். போட்டேன். கையை எடுப்பதற்குள் ‘டக்’. ஆயில் காலமாக இருந்தால் எண்ணெய்க்குப் பயந்தாவது நிறுத்தியிருப்பேன். இதற்குத்தான் ஒன்றும் ஆகாதே! மறுபடி போட்டேன். மறுபடி ‘டக்’. மூன்றாவதாகக் கை வைத்தபோது லைன்மேனிடமிருந்து போன்.

“மேடம், போட்டுடாதீங்க! ஒயர் அறுந்து கல்லக்கா கொல்லையில கெடக்குது. பக்கத்துலயே ஒரு அம்மா அசையாம நிக்குது.”

ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்கூட்டியில் நேரே தொண்டூர் போனேன். லைன்மேன் அந்த அம்மாவிடம் கூட்டிப்போனார். நிலக்கடலைக் கொல்லை ஓரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிடித்திருந்த களைக்கொத்தை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை. தான் நின்ற இடத்தைக் காட்டினார். ஒயர் விழுந்த இடத்திலிருந்து நாலு எட்டு தூரம்தான். ஒவ்வொரு முறையும் கண் இமைக்கும் நேரத்தில் அறுத்திருக்கிறது அந்தப் பிரேக்கர். அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“வுழுந்தப்புறமும் ரெண்டு வாட்டி நெருப்பு பறந்துச்சும்மா,” என்றார். “நான் உசுரோட நிக்கறேன், எவன்மா திரும்பத் திரும்ப ஆன் பண்ணான்?”

லைன்மேன் தரையைப் பார்த்தார்.

“நான்தாம்மா,” என்றேன்.