பேனா நின்றால் சரி

மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கல்வித் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். காலை பத்தே முக்காலுக்கு, ஒரு தொடக்கப் பள்ளியில், பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த அறையில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டே அந்த அறிக்கையை உடைத்துப் போட்டாள். உடைத்தது சிறுமிக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த எப்படியக்காவுக்குத் தெரிந்தது.

எப்படியக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கணக்கு கற்பித்தல் ஆய்வு மையத்தில் அவளுக்குப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கணக்குக் கேட்கும் வேலை. பிள்ளை என்ன விடை சொன்னாலும், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று அடுத்த கேள்வி வரும். பெயர் வீடுவரை வந்துவிட்டது. "எப்படியம்மா, இன்னைக்குக் குழம்பு எப்படி?" என்று கேட்காமல் அவள் கணவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

வயது நாற்பத்தேழு. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவது முறை எப்படித் தேறினாள் என்பது அவளுக்கே இன்னும் விளங்கவில்லை. நகல் எடுக்கும் கடையில் நான்கு வருடம் இருந்துவிட்டு மையத்துக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தாள். ஒருநாள் பள்ளிக்குப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல். "நீங்க சும்மா கேள்வியைப் படிச்சிட்டு வந்தாப் போதும்" என்று இவளை அனுப்பினார்கள். மற்றவர்கள் முன்னால் "தெரியாது" என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இவளிடம் கொட்டித் தீர்த்தன. "கணக்கு தெரிஞ்சவங்களைப் பார்த்தாப் பிள்ளைங்களுக்கு பயம். இவங்களைப் பார்த்தா இல்ல" என்றார் மையத்தின் தலைவரான பேராசிரியர். அது பாராட்டா குத்தலா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் பணியாணை வந்துவிட்டது. பதினொரு வருடம் ஆகிறது. அவள் கொண்டுவரும் தாள்களை மட்டும் மையத்தில் யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழும் இல்லாதவளுக்கு அது ஒன்றுதான் பெருமை.

அந்தத் தாளில் விதி எளிது. விடை சரி என்றால் ஒரு சிறு கோடு. தப்பு என்றால் அந்த விடையையும், பிள்ளை அதற்கு வந்த வழியையும் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். யாரும் சொல்லாமல் பிள்ளையே விடையை மாற்றிக்கொண்டால் 'தா.தி.' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். தா.தி. என்றால் தானே திருத்தம்.

அறிக்கையின் உயிர் அந்த இரண்டு எழுத்தில்தான் இருந்தது. இரண்டு வருடமாகப் புதிய கற்பித்தல் முறை நடக்கும் இருபது பள்ளிகளில், பிள்ளைகள் பத்துத் தப்பில் நான்கைத் தாங்களே திருத்தினார்கள். பழைய முறைப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இதைச் சொல்லும் நாலாவது அத்தியாயத்தைப் பார்த்துத்தான் துறை, அடுத்த ஆண்டே எல்லாப் பள்ளிக்கும் புதிய புத்தகம் அச்சடிக்கத் தயாராக நின்றது. இன்று பார்க்கும் பள்ளி கடைசிப் பள்ளி. இந்தத் தாள்களும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது.

"அம்பத்திரண்டுல இருபத்தேழு போனா?"

"முப்பத்தஞ்சு" என்றாள் சிறுமி.

எப்படியக்கா எழுத ஆரம்பித்தாள்.

"இல்லக்கா, இருபத்தஞ்சு."

தா.தி. கடைசிக் கேள்வி அது, அத்தோடு அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டியதுதான். அடுத்த பிள்ளை தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. சும்மா இருக்க வாய் கேட்கவில்லை.

"முதல்ல முப்பத்தஞ்சு சொன்ன. அப்புறம் எப்படி இருபத்தஞ்சு வந்துச்சு?"

"பத்து குறைச்சேன்."

"ஏன் குறைச்ச?"

"நீங்க எழுத ஆரம்பிச்சீங்கல்ல."

"எழுதினா?"

சிறுமி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "சரியா இருந்தா சின்னக் கோடு போட்டு நிறுத்திருவீங்க. பேனா ஓடுச்சுன்னா தப்பு. அப்ப பத்து குறைக்கணும். கழித்தல்ல பாதி நேரம் அதான் தப்பா இருக்கும்."

"குறைச்சும் பேனா ஓடுச்சுன்னா?"

"'தெரியல'ன்னு சொல்லிருவோம்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவளுக்குத் தெரியாது. பத்து குறைப்பதன் சூட்சுமம் மட்டும் உடனே புரிந்தது. பக்கத்து இலக்கத்திலிருந்து ஒரு பத்தை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் குறைக்க மறப்பதுதான் பிள்ளைகள் கழித்தலில் செய்யும் பெரிய தப்பு. மறந்தால் விடை எப்போதும் பத்து கூடுதலாக வரும். அதைக் கண்டுபிடித்துத் தாளில் பத்தி பத்தியாக எழுதியவள் அவள்தான். அதே தப்புக்கு, அவள் கையைப் பார்த்தே பிள்ளைகள் மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். புதிய முறைப் பள்ளிகளுக்கு அவள் மாதம் ஒருமுறை போகிறாள். பழைய முறைப் பள்ளிகளுக்கு வருடத்தில் இரண்டே தடவை. எங்கே பிள்ளைகள் பேனாவைப் படித்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

அடுத்த பையன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். எண்பத்தொன்றில் முப்பத்துநாலு.

"நாப்பத்தேழு."

சரியான விடை. அவள் கோடு போட்டு நிறுத்தவில்லை. தன் வீட்டு முகவரியை எழுத ஆரம்பித்தாள். கதவு எண், தெரு, இரண்டாவது மாடி.

பையன் பேனாவைப் பார்த்தான். "இல்ல, முப்பத்தேழு."

அதற்கடுத்தவள், "நாப்பத்தேழுதான்... இல்லியாக்கா? அப்ப முப்பத்தேழு" என்றாள். மூன்றாவது வந்தவன் கொஞ்ச நேரம் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பேனா மாட்டிக்கிச்சாக்கா?" என்று அக்கறையாக விசாரித்தான். பிறகு அவனும் பத்து குறைத்தான்.

மணி பதினொன்றேகால். வராந்தாவில் நின்று பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் பின்னால் அச்சுப்பொறி ஓடும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு பொண்ணு ஏதோ உளறினதை வச்சு..."

"இன்னும் மூணு பேர்கிட்ட மாத்தி எழுதிப் பார்த்தேன் சார். சரியான விடையையே மாத்திட்டாங்க."

"மாத்தி எழுதினீங்களா? யாரைக் கேட்டு?" குரல் ஏறியது. "நீங்களா ஒரு சோதனை நடத்த யார் அனுமதி கொடுத்தது? அந்த மூணு தாளையும் தனியா வையுங்க. மத்ததைக் கொண்டுவாங்க. இதை திங்கட்கிழமை பேசலாம்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு அறிக்கை போயிருமே சார்."

"போகத்தானே எழுதினது?" போன் வைக்கப்பட்டது.

அதாவது அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தாள்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை வரும்போது அறிக்கை துறையின் மேஜையில் இருக்கும். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் அது பேச்சுதான்.

மதிய இடைவேளையில் கணவரைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஏதோ கட்டிடத்தின் உச்சியில் இருந்தார், காற்று இரைந்தது.

"லிஃப்ட் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு இறங்கறீங்க. பாதி வழியில சந்தேகம் வருது. என்ன பண்ணுவீங்க?"

"திரும்ப ஏறுவேன். அந்த ஆளுங்க திட்டுவாங்க, வாங்கிக்குவேன். ஏன், என்ன தப்பு பண்ணின?"

சொன்னாள்.

"அப்ப மேல ஏறு."

"வேலை போயிரும்ங்க."

"போனாச் சொல்லு, இங்க லிஃப்ட்ல பட்டன் அமுக்க ஆள் கேக்கறாங்க." சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். "சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். காலையில் பார்த்த முதல் பதினோரு பிள்ளைகளும் மறுபடி வேண்டும்.

"அதே பிள்ளைங்களா?" தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "மாசாமாசம் வந்து பிழிஞ்சு எடுக்கறீங்க. நாங்க எப்பதான் பாடம் நடத்தறது? உங்க ஆராய்ச்சிக்காகவே பள்ளிக்கூடம் நடத்தற மாதிரி இருக்கு."

"இன்னிக்கு மட்டும் மேடம். நான் பண்ணின தப்பைச் சரிபார்க்கணும்."

தப்பு என்று வாயால் சொன்ன ஆய்வுக்காரரைத் தலைமையாசிரியை அதற்கு முன் பார்த்ததில்லை போலும். "ஒரு பாடவேளை. மணி அடிச்சா ஆளை விட்டுரணும்" என்றார்.

இந்த முறை பேனா பைக்குள். ஒலிப்பதிவுக் கருவி மேஜைமேல். இரண்டு கையும் மடியில். எண்கள் புதியவை, கணக்கு அதே மாதிரி.

சிறுமி முதலில் வந்தாள். அறுபத்துமூன்றில் இருபத்தெட்டு.

"நாப்பத்தஞ்சு." மேஜையைப் பார்த்தாள். கையைத் தேடினாள். "எழுதலியாக்கா?"

"அப்புறம் எழுதறேன். நீ சொல்லு."

சிறுமி அவள் முகத்தைப் பார்த்தாள். எப்படியக்கா சுவரில் தெரிந்த ஆணியைப் பார்த்தாள். முகமும் பேசிவிடும் என்ற பயம் இப்போது பிடித்துக்கொண்டது.

"நாப்பத்தஞ்சுதான்" என்றாள் சிறுமி கடைசியில், பந்தயத்தில் தோற்றவள்போல.

ஒவ்வொருவராக வந்தார்கள், மேஜையைப் பார்த்தார்கள், திணறினார்கள். பதினோராவதாக வந்தவள் வகுப்பில் இருப்பதே தெரியாத பிள்ளை. அவளும் "நாப்பத்தஞ்சு" என்றாள். எழுந்து கதவுவரை போனவள் நின்றாள். மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டு, "தப்பு. ஆறுலேர்ந்து ஒண்ணு எடுத்தேன், அதை மறந்துட்டேன். முப்பத்தஞ்சு" என்று கதவிடம் சொன்னாள்.

மணி அடித்தது.

காலையில் இந்தப் பதினோரு பேரும் செய்த தப்பு இருபது, அதில் தா.தி. ஒன்பது. மதியம் தப்பு பத்தொன்பது, தா.தி. ஒன்று.

நிற்க இடமில்லாத பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண் கடிகாரத்துக்குப் போனது. மையத்துக்குள் நுழையும்போது நாலு இருபது. பேராசிரியர் அறையில், புள்ளிவிவரம் பார்க்கும் இளைஞன் திரையில் அறிக்கையின் அட்டையைத் திறந்து வைத்திருந்தான். எல்லோரும் தரவுத்தம்பி என்று கூப்பிடும் பிள்ளை. காலைக் கணக்கையும் மதியக் கணக்கையும் எழுதிய இரண்டு தாள்களை மேஜையில் அடுத்தடுத்து வைத்தாள். ஒன்பது. ஒன்று.

பேராசிரியர் பார்த்தார். ஒலிப்பதிவை ஓடவிட்டார். "எழுதலியாக்கா?" என்ற குரல் வந்ததும் நிறுத்தினார்.

"பதினொரு வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

காது மடல் சுட்டது. "ஆமா சார். நீங்க போட்டுக் கொடுத்த தாள்லதான் பண்ணினேன்."

பேராசிரியர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அவர் மீசையின் ஒரு முனை துடிப்பதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். அனுப்பச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். நாலே முக்கால் ஆனது. அவர் போனை எடுத்துத் துறைக்குப் பேசினார்.

"அறிக்கை இன்னைக்கு வராது. ஆறு வாரம் வேணும்... தெரியும்... புத்தகம் அச்சுக்குப் போறதை நிறுத்திக்கோங்க. ஆமா, எங்க பக்கத்துத் தப்பு."

யாருடைய தப்பு என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"இருபது பள்ளிக்கும் மறுபடி போகணும். நீங்க போக முடியாது."

"பேனா இல்லாம போறேன் சார்."

"அந்தப் பிள்ளைங்க உங்களையே படிச்சு வச்சிருக்காங்கம்மா. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தாலும் ஏதாவது ஒண்ணைப் பார்த்துச் சொல்வாங்க. வேற ஆள்தான் போகணும்."

சரி என்று தலையாட்டினாள். வேலை போகவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இனி ஒரு பிள்ளையும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் காரணம் சொல்லாது என்பது மட்டும்தான் உறைத்தது.

தரவுத்தம்பி தொண்டையைச் செருமினான். "அக்கா, இரண்டு வருஷத் தாள்ல ஆயிரத்து நூத்திப் பதினாறு தா.தி. இருக்கு. எதை நீக்கணும், எதை வச்சுக்கணும்?"

அவள் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையில் பள்ளி எண், பிள்ளை எண், கேள்வி எண், தா.தி. என்று வரிசை இறங்கியது. கதவிடம் திரும்பி நின்று சொன்ன பிள்ளையைப்போல இந்த வரிசைக்குள்ளும் சிலர் இருப்பார்கள். நிஜமாகவே யோசித்து, நிஜமாகவே திருத்தியவர்கள்.

"நிஜமா திருத்தினது எதுன்னு உங்களால சொல்ல முடியுமாக்கா? ஞாபகம் இருக்குமில்ல?"

"முடியாதுப்பா."

"கொஞ்சமாவது?"

"நான் எழுதிக்கிட்டிருந்தேன். பிள்ளைங்க முகத்தைப் பார்க்கல."

அவன் விரலை விசைப்பலகைமேல் வைத்தான்.

"எல்லாத்தையும் நீக்கிடு" என்றாள். முதல் பள்ளியிலிருந்து எண்களைப் படிக்க ஆரம்பித்தாள்.