கையை மடியில் வைத்து ஜெபித்த நாள்

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் இனிக்க இனிக்கச் சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். என் குணம் அவருக்குத் தெரியும்.

நான் கேரளத்தில் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். என் மகள் எஸ்தருக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுத்தால் முன்னேறுவாள் என்றார். ஒரு பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே எல்லாம் மலையாளம். படத்தைக் காட்டி மலையாளத்தில் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து தமிழ் மட்டுமே கேட்ட பிள்ளை என்ன செய்யும்? ஒன்றும் தெரியாத குட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். "வீட்டில இனி மலையாளம் மட்டும் பேசினா மதி, அது போதும். தனி ரூம்ல இருத்தி விளையாட்டுக் காட்டணும்" என்றார் அந்த மேடம். எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரு அறையும் அடுப்படியும்தான். தனி ரூமுக்கு நான் எங்கே போவேன்? தாலாட்டின பாஷையை விட்டுவிட்டு, எனக்கே தட்டுத்தடுமாறி வருகிற பாஷையில் என் பிள்ளையைக் கொஞ்ச வேண்டுமாம். பெற்றவளிடம் சொல்லுகிற பேச்சா இது?

வெளியில்தான் இப்படி என்றால், நம் சபையில் என்ன நடந்தது? நீங்களும் கேட்கத்தான் வேண்டும். வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை வந்தபோது, எல்லாரும் எஸ்தரைச் சூழ்ந்து, தலையில் கை வைத்து, ஆளுக்கொரு பக்கம் சத்தமாக ஜெபித்தீர்கள். அவள் அலறினாள். காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினாள். "பாத்தியா, உள்ள இருக்கது கத்துது" என்று இன்னும் சத்தத்தைக் கூட்டினீர்கள். பெற்றவள் பாவம் பிள்ளை தலையில் என்று குழாயடியில் பேசினதும் என் காதுக்கு வந்தது.

எல்லாரும் போனபின் முழங்காலில் நின்றேன். கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். "ஆண்டவரே, என் தமிழ் உமக்குப் புரியுதுல்ல? அப்ப அது புரிஞ்ச ஒரு ஆளை இந்த மலைக்கு அனுப்பும். அனுப்புற வரைக்கும் உம்மை விடமாட்டேன்." தினமும் இதே சண்டைதான்.

மழை ஓய்ந்த சமயம் கலா டீச்சர் வந்தார். போடிநாயக்கனூர்க்காரர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் படித்தவர். பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்தவர் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். எங்களுக்கு வேலை இல்லாத ஞாயிறு மத்தியானம் பார்த்து, போடிமெட்டு ஏறி, லயத்துக்கே வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து எஸ்தரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எக்கா, புள்ளைக்குத் தமிழே போதும். நீங்க கொஞ்சுற பாஷையிலதான் அவளுக்குப் பேச்சு வரும்" என்றார். கொழுந்துக் கூடை, டம்ளர், போர்வை என்று எங்கள் வீட்டுச் சாமான்களை வைத்தே பயிற்சி. ஜெபக்கூட்டக் கதையைச் சொன்னேன். "இத்தன கை, இத்தன சத்தம். பயந்துதான் கத்திருக்கா. தொடாம, மெதுவா ஜெபம் பண்ணிப் பாருங்க."

அடுத்த முறை உங்களை வாசலிலேயே மறித்தேன். "கையை மடியில வைக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க" என்றேன். முகத்தைச் சுளித்தீர்கள். ஆனாலும் உட்கார்ந்தீர்கள். சத்தமில்லாமல் ஜெபித்தீர்கள். அடுப்படியில் ஒளிந்திருந்த எஸ்தர் தானாக வெளியே வந்தாள். என் மடியிலிருந்த கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

இன்னும் பேச்சு முழுதாக வரவில்லை. "தண்ணி" என்கிறாள், "அம்மா" என்கிறாள். தமிழில்தான். என் கோபமும் முழுதாகப் போகவில்லை. தமிழை விடு என்று இன்னும் எத்தனை தாய்மாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. அந்தத் தாய்மாரைத் தேடிப் போவதுதான் இனி என் ஊழியம்.

ஸ்தோத்திரம் ஆண்டவரே, என் சண்டையைக் கேட்டீர். நீங்களும் நம்பிக் கேளுங்கள், கோபமாகக்கூடக் கேளுங்கள். ஆனால் ஒரு பிள்ளையின் தலையில் கை வைக்கும் முன், அந்தப் பிள்ளை உங்கள் கையைக் கேட்கிறதா என்று பாருங்கள்.