சகலையின் படகு

துறைமுகத்துப் பக்கம் அவரை எல்லோரும் ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபைபர் படகில் எங்கே விரிசல் விட்டாலும், பாறையில் இடித்து ஓட்டை விழுந்தாலும் அவருடைய கொட்டகைக்குத்தான் இழுத்து வருவார்கள். கெட்டுப்போன இடத்தைத் தேய்த்தெடுத்து, கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டி வைத்து, ரெசின் பசையைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்பிவிடுவார். ஒட்டு இருந்த இடம் படகுக்காரனுக்கே மறந்துபோகும். வேலையில் ஒரு சொல் சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அடுத்தவன் செய்த வேலையை அவர் நல்லது என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சகலை வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தான் என்ன, அவரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தவன்தான். இரண்டு பேரும் ஒரே படகுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள். மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடியபோது, என்னோடு ஒருத்தன் இருக்கிறான், தங்கமானவன் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னதே இவர்தான். தங்கம் வீட்டுக்குள் வந்தது. தொழிற்சாலையை மூடினார்கள். இவர் ஒட்டுக் கொட்டகை போட்டார். சகலை புதுப் படகு கட்டுகிற பட்டறை போட்டான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இவருக்கு இன்னும் விட்டபாடில்லை.

சகலை பட்டறை வாசலில் விளக்குப் பலகை மாட்டினான். மின்சாரம்தான் வீண் என்றார் இவர். சகலை வேன் வாங்கினான். பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ட் என்றார். குடும்ப விசேஷங்களில் யாராவது வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகப் பேசுவார்கள். பேச்சு மூன்றாவது வாக்கியத்தில் சகலையிடம் போய்விடும். அவர் எப்படி இருக்கார், பெரிய அளவுல பண்றாராமே என்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுவார்.

இந்த நிலைமையில்தான் ஊரில் படகு, மீன்பிடிக் கண்காட்சி வந்தது. அதில் சகலை ஸ்டால் எடுத்திருந்தான். எடுத்தவன் சும்மா இருந்தானா? நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, நான் கட்டின படகை நீங்க வந்து ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டு மனசுக்குப் பிடிச்சிருந்தா என் பட்டறைக்கே வந்துடுங்க. படகு வார்க்கற அச்சு வேலை முழுக்க உங்க பொறுப்புல விட்டுடறேன்."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. மலராமல் என்ன செய்யும்? கொட்டகையில் வேலை குறைந்துகொண்டே வந்தது. பழைய படகை ஒட்டி ஓட்டுவதை விட்டு, விற்றுத் தள்ளிப் புதுசு வாங்குகிறவர்கள்தான் இப்போது அதிகம். ரெசின் டப்பாக்கள் மூடி திறக்காமலே கெட்டியாகிப்போய்க் கிடந்தன. ஆனால் ஒட்டுக்காரருக்கு அதெல்லாம் தெரியவில்லை. தன்னோடு நின்று வேலை செய்தவன் தனக்கு முதலாளி ஆவதா என்ற ஒன்றுதான் தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, கண்காட்சிக்குப் போவது பிரயோஜனமா இல்லையா என்பது. இவருடைய கட்சி, போவது சுத்த வீண். அங்கே தொப்பியும் சாவிக்கொத்தும்தான் கொடுப்பார்கள். தண்ணீரில் மிதக்காத படகைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? தரையில் கம்பளம் விரித்து விளக்குப் போட்டால் ஓட்டை வாளியும் கப்பல் மாதிரிதான் தெரியும். நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சமாகும். மனைவி கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்குக் கண்காட்சி மேல கோபம் இல்லீங்க. போய்ப் பாத்து, அவர் படகு நல்லா இருந்து தொலைச்சுடுமோன்னு பயம்."

மறுநாள் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். போவதென்று முடிவு செய்ததற்குக் காரணம் வேறு. ஒரு குறை, ஒரே ஒரு குறை கையில் கிடைத்துவிட்டால் போதும். வேலை சரியில்லாத இடத்துக்கு எப்படிப் போவது என்று சொல்லிவிடலாம். மனைவி வாயையும் அடைத்துவிடலாம்.

கண்காட்சிக் கூடம் பெரிது. படகுகளை மரக்கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்க்கிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, தூண்டில் வீசும் போட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு மேசையில் ஒருவர் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடும் விதங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். தேய்க்கும்போதே தூசியை உறிஞ்சிக்கொள்கிற கையடக்க மெஷின் ஒன்று இருந்தது. ஒட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்தார், திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார். இத்தனை வருஷம் விழுங்கிய தூசியெல்லாம் ஞாபகம் வந்தது. உள்ளபடி சொன்னால் அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. மனைவி பார்க்கிறாள் என்றதும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

எவ்வளவு சுற்றினாலும் சகலையின் ஸ்டாலுக்கு வந்துதானே ஆக வேண்டும். வெள்ளைப் படகு, பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு. சுற்றி நல்ல கூட்டம். மனைவியின் தங்கை புதுப் புடவையில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா வந்துட்டார் என்று அவள் உள்ளே பார்த்துச் சொல்ல, சகலை ஓடி வந்தான். தொப்பி போட்ட ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் பேசிக்கொண்டிருந்தவன், அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தான். ஏரியில் தூண்டில் போட வருகிறவர்களுக்குப் படகு வாடகைக்கு விடுகிறவர்களாம். இரண்டு படகு கேட்கிறார்களாம். காதோடு சொல்லிவிட்டுத் திரும்பப் போனான்.

ஒட்டுக்காரர் வேலையை ஆரம்பித்தார். படகின் முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பக்கவாட்டைப் பார்த்தார். அலை அலையாக இருக்கும் என்று நினைத்தார். நூல் பிடித்தது போல நேராக இருந்தது. விளிம்புக்கு அடியில் விரலை விட்டார். சோம்பேறிகள் பிசிறு விடுகிற இடம் அது. கண்ணாடியாக வழுக்கியது. மூலைகள் சுத்தம். உள்பக்கம் சுத்தம். ஒவ்வொரு சுத்தத்துக்கும் அவர் வயிறு ஒரு தடவை எரிந்தது. என்னோடு நின்றவன், நான் காட்டிய மாதிரி ரெசின் உருளையைப் பிடித்து வேலை பார்த்தவன், எங்கே போய் இதைக் கற்றுக்கொண்டான்?

கடைசியில் விரலை மடக்கித் தட்ட ஆரம்பித்தார். ஃபைபர் வேலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சத்தம் கணீரென்று வந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. மொத்தென்று வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. அடிப்பக்கம் கணீர். முனை கணீர். பக்கவாட்டில் தட்டினார். மொத்தென்றது. தள்ளித் தட்டினார். மொத். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மொத்து மொத்தென்றது. அவர் மனசுக்குள் யாரோ விளக்கு ஏற்றினார்கள். இத்தனை வருஷத்தில் எந்தப் படகிலும் நல்ல சத்தத்துக்கு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதைக் காதோடு சொல்லியிருக்கலாம். சகலையைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். தொப்பிக்காரர் பக்கத்தில் நிற்பது தெரிந்துதான் குரலைச் சற்று உயர்த்தினார்.

"பக்கம் முழுக்க உள்ள பிரிஞ்சிருக்கு. ஒட்டுப் பிடிக்கல. ரெண்டு மழைக்காலம் தாங்கினா அதிசயம்."

தொப்பிக்காரர் திரும்பி, நீங்கள் தொழில் தெரிந்தவரா என்று கேட்டார். இதே வேலைதான் எனக்கு என்றார் ஒட்டுக்காரர். இன்னும் இரண்டு தடவை தட்டியும் காட்டினார். தொப்பிக்காரரும் தட்டிப் பார்த்தார். காது இருக்கிற யாருக்கும் அந்த வித்தியாசம் கேட்கும். சகலையின் கை மேசைப் பக்கம் எதையோ எடுக்கப் போனது, பாதியில் நின்றது. பிறகு அங்கிருந்த நோட்டீஸ் கட்டை இழுத்து நேராக வைத்தான். பார்க்கிறேன், கவனிக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான். தம்பதி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்ப வருவதில்லை என்பது கடை போட்ட எல்லோருக்கும் தெரியும்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. சகலையும் அவன் மனைவியும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று ஸ்டாலை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

யாரோ ஒரு பெண் நோட்டீஸ் கேட்டாள். ஒட்டுக்காரர் மேசையிலிருந்த நோட்டீஸ் கட்டைத் தூக்கினார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இருந்தது. படகின் பக்கவாட்டை அப்படியே அறுத்து வைத்த மாதிரித் துண்டு, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. கிரீம் பிஸ்கட்டைக் குறுக்கே வெட்டியது போல, வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு மஞ்சள் ஃபோம். எங்கேயும் பிரியவில்லை. மடக்கிய விரலால் அதைத் தட்டினார். மொத்தென்றது.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆயுசு பூராவும் அவர் கைபட்ட படகெல்லாம் ஒரே கனத்த தோல். அதில் மொத்தென்றால் நோய். இதில் பக்கவாட்டில் மட்டும் நடுவே ஃபோம் வைத்துக் கட்டியிருக்கிறான். கனம் குறையும், தண்ணீர் புகுந்தாலும் மூழ்காது. தட்டினால் இப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். மனைவி எட்டிப் பார்த்தாள். அப்ப உள்ள ஒண்ணும் பிரியலையா என்று கேட்டாள். இல்லை என்றார். அடுத்தவன் வேலையைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தெரியாமல் பேசிய வெட்கம்கூடப் பெரிதில்லை. சகலை இந்தத் துண்டைத் தூக்கிக் காட்டியிருந்தால் ஒரே நிமிஷத்தில் இவர் வாய் அடைத்திருக்கும். இரண்டு படகும் விற்றிருக்கும். அவனோ நோட்டீஸ் கட்டை அதன்மேல் இழுத்து மூடினான். இவர் மானம் போகக் கூடாதென்று தன் வியாபாரத்தைப் போகவிட்டான். இவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் மூடியிருப்பாரா? துண்டை உயர்த்திப் பிடித்துக் கூடம் முழுக்கக் காட்டியிருப்பார். இந்த விஷயத்திலுமா அவன் நமக்கு முன்னால் போக வேண்டும் என்று நினைத்தபோது, இந்தப் புது எரிச்சலுக்கு முன் பழைய எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மனைவியை ஸ்டாலில் விட்டுவிட்டுத் தொப்பிக்காரரைத் தேடிப் போனார். தூண்டில் போட்டி நடக்கிற தொட்டிக்கருகில் இருவரும் நின்றிருந்தார்கள். நான் சொன்னது தப்பு, அது ஃபோம் வைத்த படகு, சத்தம் அப்படித்தான் வரும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். தொப்பிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவ்வளவு உறுதியா சொன்னீங்க. இப்ப எதுக்கு இவ்வளவு தூரம் தேடி வந்து மாத்திச் சொல்றீங்க?"

"படகு கட்டினது என் சகலைங்க."

தொப்பிக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சகலையா, சரிங்க, சரிங்க என்றார் அவர். பிறகு இருவரும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யாரோவாக நின்று சொன்ன பொய்யை உடனே நம்பினார்கள். சொந்தக்காரனாக வந்து சொன்ன நிஜத்தை நம்ப ஆளில்லை.

திரும்பி வந்தபோது சகலை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். துண்டு மேசைமேல் வெளியே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சும்மா இருந்த?"

"நாலு பேர் முன்னாடி உங்களுக்குத் தெரியலன்னு எப்படிண்ணே சொல்றது?"

ஒட்டுக்காரர் துண்டைக் கையில் எடுத்தார். வேலை நல்ல வேலை என்று சொல்ல நினைத்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக, எப்போது வேலைக்கு வர வேண்டும் என்று கேட்டார். அதைக் கேட்டதே அவருக்குப் பாதி உயிர் போன மாதிரிதான். பக்கத்தில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சகலை துணியை எடுத்துப் படகின் விளிம்பைத் துடைத்தான். அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

"அந்த ரெண்டு படகு வரும்னு நம்பித்தான்ணே உங்களைக் கூப்பிட்டேன். போன வாரமே பேசி வெச்சிருந்தாங்க. இப்ப இருக்கற ஆளுக்கே வேலை இல்ல. பாக்கலாம்ணே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மனைவி போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் குறையத் தொடங்கிய நேரம். தோளில் தூண்டில் பையோடு ஒருவர் வந்து நின்று, படகை மேலும் கீழும் பார்த்தார். சகலை உள்ளே குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். வந்தவர் ஒட்டுக்காரரிடம், நீங்கள் இந்த ஸ்டாலா என்று கேட்டார்.

ஒட்டுக்காரர் சகலையின் முதுகைப் பார்த்தார்.

"இல்லங்க. நானும் பாக்க வந்தவன்தான்," என்றார். "படகு ரொம்ப நல்லா இருக்கு."