சவுக்குத் தோப்பில் இருந்த மண்மேடு

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப் போய், பிறகு வெளியே விடாமல் வேலை வாங்குகிற அரிசி ஆலைகளையும் சூளைகளையும் தோப்புகளையும் தேடிக் கண்டுபிடிப்பது, விசாரித்து அறிக்கை எழுதுவது, கோட்டாட்சியரை அந்த இடத்துக்கு அழைத்துப் போவது, இவைதான் என் வேலை. என் கணவருக்கு அணு ஆராய்ச்சியில் உத்தியோகம். அணுபுரத்துக் குடியிருப்பில் இருந்தோம். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஏதோ தொண்டு நிறுவனம் என்று மட்டும் சொல்வேன். கொத்தடிமை என்று சொன்னால், அதெல்லாம் இந்தக் காலத்தில் ஏது என்பார்கள்.

ஒரு வைகாசி மாதம், மதுராந்தகம் ஏரிப் பக்கத்திலிருந்து ஓர் இருளர் வந்தார். முப்பது வயது இருக்கும். அகன்ற நெற்றி. இடது கண்ணின் இமை பாதி மூடியே இருந்தது, தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி. பிறவியிலேயே அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் என்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி பேசினார்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் யாரையாவது மீட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் வருவார்கள். இவர் கேட்டது வேறு.

"என் தங்கச்சி பொணத்தத் தோண்டி எடுத்துக் குடுங்கம்மா. எங்க ஊர்லயே பொதைச்சிக்கிறோம்."

தங்கை புருஷனோடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்புக்கு மரம் வெட்டப் போயிருந்தாள். முதல் மழைக்காலத்திலேயே புருஷன் ஓடிப்போய்விட்டான். அவன் வாங்கிய முன்பணத்துக்கு அவளை நிறுத்திக்கொண்டார் தோப்பின் குத்தகைக்காரர். இவர் மாதாமாதம் போய்க் கேட்டிருக்கிறார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகப் போனபோது தாசில்தாரிடம் போவேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த வாரமே ஆள் வந்து சொன்னது: வயிற்றுப்போக்கில் தங்கை போய்விட்டாள், தோப்பிலேயே அடக்கம் செய்தாயிற்று, வேண்டுமானால் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகலாம்.

"போய் ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன். ஊத்திகினு இருக்கும்போதே பின்னாடி யாரோ மூச்சு வுட்ட மாரி இருந்திச்சி. திரும்பிப் பாத்தா மரந்தான். எனக்குத் தெரியும்மா, அது அவ மூச்சுதான். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே பாயிலதான் படுப்போம்." வாசல் பக்கம் பார்த்து, "அவ அங்க நிம்மதியா இல்ல. என் பின்னாடியே வூடு வரைக்கும் வந்துட்டா. எம் பொண்டாட்டி பயந்துகினு கீது" என்றார்.

ஆவி கதையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பெண் இறந்திருக்கிறாள், எங்கும் பதிவாகவில்லை, அதே தோப்பில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன. போய்ப் பார்க்க அது போதும்.

வீடு கட்டுகிறேன், சாரத்துக்குச் சவுக்குக் கழி வேண்டும் என்ற சாக்கில் ஒரு வாடகை அம்பாசிடரில் போனேன். ஓட்டுநர் மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். சாலையை விட்டு மணல் பாதைக்கு இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டார்.

"நான் இங்கயே கீறேம்மா. சீக்கிரம் வந்துடுங்க. இந்தத் தோப்புக்குள்ள போனா நம்ம காலடி சத்தமே நமக்குக் கேக்காது."

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். உள்ளே போனதும் புரிந்தது. தரை முழுக்கக் காய்ந்த சவுக்கு இலை, மெத்தை மாதிரி. மதிய வெயில் மேலே அடித்தாலும் கீழே சாம்பல் நிற வெளிச்சம்தான். காற்று மரங்களின் உச்சியில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. கடல் எது, மரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேர் நேராக நட்ட மரங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே இருந்தன. வந்த வழி எது என்று சட்டென்று மறந்துபோனது.

"வாங்கம்மா" என்று காதருகில் ஒரு குரல். தூக்கிவாரிப் போட்டது. குத்தகைக்காரர் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சிரித்த முகம். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கழிகளைக் காட்டினார். மரம் அறுத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தேன். எத்தனை நாளாக இருக்கிறீர்கள், ஊருக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மா" என்றார் ஒரு பெரியவர். அடுத்தவளிடம் கேட்டேன். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மா." தள்ளி விறகு கட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். அதே சொற்கள், அதே இடத்தில் அதே இழுப்பு. ஒருவர்கூட முகத்தை நிமிர்த்தவில்லை.

மதுராந்தகம் பக்கத்துப் பெண் ஒருத்தி இங்கே வேலை செய்தாளாமே, முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டு வருவாளே என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன்.

"அது செத்துப்போச்சும்மா" என்றார் குத்தகைக்காரர், உச்சுக்கொட்டியபடி. "நல்ல பொண்ணு. வாங்க, காட்டுறேன்."

நான் கேட்காமலே காட்டினார். தோப்பின் ஓரத்தில், கடல் பக்கம், ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு. சுற்றிலும் கிளிஞ்சல் பதித்திருந்தது. தலைமாட்டில் குங்குமம் அப்பிய ஒரு கல். மேட்டின் மேல் ஓர் இலைகூட விழுந்திருக்கவில்லை. யாரோ தினமும் பெருக்கியிருக்க வேண்டும்.

குத்தகைக்காரரை யாரோ கூப்பிட, அவர் கொஞ்சம் விலகிப் போனார். அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்பதைக் கவனித்தேன். கையில் விளக்குமாறு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இதுல இருக்கிறவள உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். நாந்தான் மண்ணு குமிச்சேன்."

"எப்படி இறந்தா?"

"வவுத்தாலப் போயி செத்துப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அகன்ற நெற்றி. இடது கண்ணின் இமை பாதி மூடியிருந்தது.

அவள் சின்னதாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற மாதிரி. பிறகு குனிந்து மேட்டைப் பெருக்க ஆரம்பித்தாள். தன் சமாதியை ஒருத்தி நட்ட நடு மதியத்தில் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றேன். குத்தகைக்காரர் திரும்பி வந்து, "கழி எப்ப அனுப்பட்டும்மா?" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

அவளுடைய அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ஓடிப்போய் அந்தத் தோப்பில் நிற்பார். நேராகக் கோட்டாட்சியரிடம் போனேன். இளம் அதிகாரி, அதுதான் அவருக்கு முதல் பதவி. முழுவதையும் கேட்டுவிட்டு, "இறந்துபோனவங்களுக்கு விடுதலைச் சான்று குடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்களே மேடம்" என்று சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நாளைக்குக் காலையில போவோம்" என்றார்.

காலையில் ஜீப்புகள் போய்ச் சேர்ந்தபோது தோப்பில் ஓர் ஆள் இல்லை. நாங்கள் வருவதை யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். குடிசைகள் இருந்தன. ஓர் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டிய மரத்தில் கோடரி பதிந்தபடியே நின்றது. குத்தகைக்காரர் விபூதியும் சிரிப்புமாக வந்தார். ஆட்களா, அவர்கள் போன மாதமே ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்.

"சமாதி ஒண்ணு இருந்துதே?" என்றேன்.

"எந்த சமாதிம்மா?"

கோட்டாட்சியரை நானே அந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். மேடு இல்லை. கிளிஞ்சல் இல்லை. குங்குமக் கல் இல்லை. சமதரையாக இலை பரவிக் கிடந்தது, ஆண்டுக்கணக்கில் யாரும் மிதிக்காத மாதிரி. கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. முந்தின நாள் நான் பார்த்தது உயிருள்ள பெண்ணைத்தானா?

இலைமெத்தையில் காலடி பதியாது. ஆனால் மணலில் பதியும் என்று தோன்றியது. தோப்பைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். இருந்தன. பெரியவர்கள், குழந்தைகள், எல்லாருமாக ஒரே திசையில் போன தடங்கள். வடக்கே, கைவிடப்பட்ட ஓர் இறால் பண்ணை வரை போய், அங்கிருந்த தகரக் கொட்டகையில் முடிந்தன.

உள்ளே காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம், அவ்வளவு அமைதி. கோட்டாட்சியர் கதவைத் தொட்டார். திறந்துகொண்டது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள்கூட இல்லை.

இருட்டில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின் அனல் முகத்தில் அடித்தது. தாய்மார்கள் குழந்தைகளின் வாயைக் கையால் பொத்தியிருந்தார்கள். கதவு திறந்தும், வெளிச்சம் விழுந்தும், ஒருவரும் எழவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருந்தார்கள். அன்று வரை நான் எத்தனையோ பூட்டுகளை உடைத்துப் பார்த்திருக்கிறேன். திறந்த கதவுக்குப் பின்னால் அசையாமல் இருந்த அந்த முகங்களைப் போல வேறெதுவும் என்னை அச்சுறுத்தியதில்லை.

மூலையில் அவளும் இருந்தாள். கோட்டாட்சியர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு வந்தார். அவள் முறை வந்ததும் வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணன் எங்ககிட்ட வந்தாரு" என்றேன்.

முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டாள்: "நான் உசுரோட கீறேன்னு சொன்னா அண்ணன ஒண்ணும் பண்ண மாட்டாங்களே?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அண்ணன் தாசில்தார் பேச்சை எடுத்த மறுநாள், அவளையே மண் குவிக்கச் சொன்னார்கள். கிளிஞ்சல் பொறுக்கி வரச் சொன்னார்கள். அண்ணன் வந்து மேட்டின் மேல் விழுந்து அழுதபோது, மூன்று மரம் தள்ளி அவளை நிறுத்தியிருந்தார்கள். சத்தம் வந்தால் அதே மேட்டுக்கு அடியில் அவனைப் போடுவோம் என்றார்கள்.

"மூச்ச அடக்கிகினுதான் இருந்தேன். கொஞ்சம் வுட்டுட்டேன். அது திரும்பிப் பாத்திச்சி" என்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணனை வரவழைத்தோம். கோட்டாட்சியர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் அவள் நின்றாள். அண்ணன் ரோட்டைக் கடந்து வந்தார், பார்த்தார், பின்வாங்கி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கால் கீதா பாருங்கம்மா. கால் தரையில படுதா பாருங்க."

"படுது. நல்லாப் பாருங்க."

"நான் கருமாதி பண்ணிட்டேம்மா. மொட்ட போட்டேன். இது இன்னாது?"

அவள்தான் நடந்து வந்தாள். அவர் எதிரில் நின்று, அவருடைய தலையைத் தொட்டுப் பார்த்தாள். மழித்த முடி முழுசாக வளர்ந்திருக்கவில்லை.

"எனக்காகவா போட்ட?" என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. விடுதலைச் சான்று ஒரு நாளில் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் ஊர் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கியது. காரியம் செய்து அனுப்பியவளை எப்படித் திரும்ப வீட்டுக்குள் விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சில வாரம் கழித்து நான் போனபோது குடிசைக்கு வெளியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஓர் இலையில் சோறு கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். படையல் வைக்கிற மாதிரிதான் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது தரம்தான் அவளுக்குக் காதில் விழுந்தது.

"அந்தப் பேரு எனக்கே பயமா கீதும்மா" என்றாள்.

தோப்பைப் பற்றிய இன்னொரு கேள்வியும் என்னை விடவில்லை: அந்த மேட்டுக்குக் கீழே வேறு யாராவது இருந்தார்களா? மேடு இருந்த இடத்தைத் தோண்டச் சொல்லி எழுதினேன். தாசில்தார் முன்னிலையில் தோண்டினார்கள். ஈர மணல்தான் வந்தது, வேறொன்றும் இல்லை. எதுவும் கிடைக்காததில் எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த வெறும் குழி ஒருத்தியின் அளவுக்கு இருந்தது. இன்று வரை எனக்குச் சவுக்கு மரத்தின் இரைச்சல் ஆகாது. அணுபுரத்தில் என் தோழிகள் கடற்கரைத் தோப்புப் பக்கம் சாயங்காலம் நடக்கக் கூப்பிடுவார்கள். நான் ரோட்டிலேயே நடந்துவிட்டு வந்துவிடுவேன்.

வழக்கு இழுத்தது. முதலில் ஒரு நீதிமன்றம், பிறகு மேல்முறையீடு. குத்தகைக்காரருக்கு அபராதம் மட்டும் கிடைத்தது, கட்டிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. சாட்சிக் கூண்டில் அவள் ஏறிய நாளை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன். குத்தகைக்காரரின் வக்கீல் அவளிடம், "நீ செத்துப்போனதா உன் அண்ணனே ஊர் பூராச் சொல்லியிருக்காரே" என்று மடக்கினார். அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மண்டபமே கேட்கும்படி சொன்னாள்: "செத்திருந்தா உன்னாண்ட வந்து பேசிகினு இருப்பேனா?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் அவளுக்கு உள்ளே பாய் விரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தக் கடற்கரையோரத்து நிலமெல்லாம் கை மாறியது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. வேலைக்கு ஆள் பிடிக்கிற விதமும் மாறியது, நாங்கள் தேடிப் போகும் இடங்களும் மாறின. அவள் அரசாங்கம் கொடுத்த ஆடுகளைப் பெருக்கி, ஏரிக்கரைப் பக்கமே ஒரு வீடு கட்டிக்கொண்டாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதிதாக மீட்கப்படுகிறவர்கள் பேச மறுத்தால், அவளை வரச்சொல்லி ஆள் அனுப்புவோம். வருவாள். அவர்கள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதலில் ஒன்றும் கேட்க மாட்டாள். வெற்றிலைப் பையைப் பிரித்து எல்லாருக்கும் கொடுப்பாள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் குனிந்து கேட்பாள்:

"உம் பேரு இன்னா? சத்தமா சொல்லு."