லொறியா, முயலா

என் கணவர் ஒரே வாதத்தை இரண்டாம் முறை சொன்னபோது எங்கள் வரவேற்பறையில் இருந்த மூன்று பேரும் கை தட்டினார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் நகரில் எங்களுடையது மூன்றரை அறை வீடு. அந்த அரை அறை எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. வருடத்தில் ஒரு ஞாயிறு அந்த வீடு அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியங்களுக்குச் சொந்தம். காலால் உதைக்கிற பந்தைச் சொல்லவில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கியபடி ஆளோடு ஆள் மோதுகிற விளையாட்டு. அமெரிக்காவில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும் நாள் ஏப்ரல் கடைசியில் வரும். அதற்கு முந்திய ஞாயிறு, தங்கள் அணி யாரை எடுக்க வேண்டும் என்று இவர்கள் கூடி அடிபடுவார்கள். அந்த அணியின் சொந்தக்காரருக்கு இவர்கள் உயிரோடு இருப்பதே தெரியாது. அதைச் சொன்னால் என்னோடு கோபிப்பார்கள்.

அந்த வருடம் சண்டை ஓட்டக்காரனைப் பற்றியது. பந்தை வாங்கிக்கொண்டு எதிராளிகளின் கூட்டத்துக்குள் நேரே ஓடுகிறவன்தான் ஓட்டக்காரன். இரண்டு பேர் பட்டியலில் இருந்தார்கள். ஒருவன் பாரமானவன், மறித்தவர்களை இடித்து விழுத்திக்கொண்டு போகிறவன். எங்கள் வீட்டில் அவனுக்கு லொறி என்று பெயர். மற்றவன் மெலிந்தவன், பிடிபடாமல் நழுவுகிறவன். அவன் முயல். லொறியிடம் ஒரு குறை இருந்தது. கல்லூரியின் கடைசி வருடத்தில் தலையில் அடிபட்டு மூன்று ஆட்டம் வெளியே இருந்தான்.

என் கணவர் லொறியின் கட்சி. வார நாட்களில் அவர் லிஃப்ட் திருத்துகிறவர், சனிக்கிழமைகளில் இங்கத்தைய அணி ஒன்றின் ஓட்டக்காரர். நழுவி ஓடத் தெரியாது. இடிக்கத்தான் தெரியும்.

வந்த மூவரில் மூத்தவர் நகர பஸ் ஓட்டுகிற அண்ணை. இரண்டாமவள் ஃப்ரிபூர்க்கில் படிக்கிற பெண், பிரெஞ்சு, ஜெர்மன் இரண்டு மொழியிலும் சண்டை பிடிப்பாள், மூன்றாவதாகத் தமிழிலும். மூன்றாம் ஆள் மதுரைக்காரர், இங்கே கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்ததால் தான் சொல்வதுதான் சட்டம் என்று நினைக்கிறவர்.

இவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அதற்குத் தேய்ந்த ரெக்கோர்ட் என்று பெயர். வாதத்தில் ஒருவர் இறுகிவிட்டால், தான் சொன்னதையே சொல் மாறாமல், முகம் மாறாமல், புதிதாகச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்வார். எதிரில் இருப்பவர் சிரித்தாலோ கோபித்தாலோ தோல்வி. தோற்றவர் கோப்பை கழுவ வேண்டும். பஸ் அண்ணை ஒரு வருடம் ஒரே வசனத்தைப் பின்னேரம் முழுக்கச் சொல்லி மதுரைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட வைத்தார். என் கணவருக்கு மட்டும் அது ஒருபோதும் சரிவந்ததில்லை. இரண்டாம் தரம் சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டுக் கோப்பைகளை அதிகம் கழுவியவர் அவர்தான்.

அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அடி வாங்காமல் ஓடுறவனை ஆரும் எடுக்கலாம். அடி வாங்கி எழும்புறவனைத்தான் நாங்கள் எடுக்கவேணும். அவன் எழும்பினவனோ இல்லையோ? அதை முதல் சொல்லுங்கோ” என்றார். விரலால் மேசையில் மூன்று தரம் தட்டினார். ஃப்ரிபூர்க் பெண் முயலுக்காக ஏதோ சொன்னாள். மதுரைக்காரர் லாப்டொப்பில் ஒரு ஓட்டத்தைப் போட்டுக் காட்டினார். அது முடிந்ததும் என் கணவர் நிமிர்ந்து, “அடி வாங்காமல் ஓடுறவனை ஆரும் எடுக்கலாம்” என்று தொடங்கினார். அதே சொற்கள், மேசையில் அதே மூன்று தட்டு. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“மச்சி, செம! இந்த வருஷம் பயங்கர ஃபார்ம்ல இருக்காரு” என்றார் மதுரைக்காரர். நான் முதலில் சொன்ன கை தட்டல் அப்போது விழுந்ததுதான்.

நான் மிக்சர் தட்டோடு வாசலில் நின்றேன். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

முந்திய நாள் சனிக்கிழமை ஆட்டத்தில் என் கணவருக்கு அடி விழுந்தது. நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். தலைக்கவசங்கள் முட்டிய சத்தம் வேலிவரை கேட்டது. இவர் விழுந்து, எழும்பி, தன் அணியின் பக்கம் போகாமல் எதிரணியின் பக்கம் நாலு அடி நடந்தார். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். சிரித்துச் சமாளித்துவிட்டுத் திரும்பவும் விளையாடினார்.

காருக்குள் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோச்சுக்குச் சொல்லாதையும். ஒருத்தருக்கும் சொல்லாதையும். தெரிஞ்சால் இந்த சீசன் அவ்வளவுதான்” என்றார். போன வருடமும் தலையில் ஒரு அடி. அப்போதே கோச் எச்சரித்திருந்தார், இன்னொன்று பட்டால் வெளியே என்று. பனிக்காலம் முழுக்க இதைப் பற்றி நாங்கள் சண்டை பிடித்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. “நான் ஒண்டும் சொல்லமாட்டன். செத்துப்போனால் மட்டும் என்னட்டை வராதேங்கோ” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். எனக்கு வாய் நீளம். அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடிக்கத் தோன்றுகிறது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். தலையில் அடிபட்டது, வலிக்குளிசை தாருங்கள் என்று யாராவது வந்தால், குளிசையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவள். ஆனால் வீட்டுக் கதை வீட்டோடு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். புருசன் சொல்லாதே என்றதைச் சொல்வது காட்டிக்கொடுக்கிற மாதிரி. ஒரு நாள் பார்ப்போம் என்று விட்டேன். ஞாயிறு காலையில் தலையிடி என்றார், ஆனால் ரொட்டி சாப்பிட்டார், பகிடி விட்டார். என் பயம் கொஞ்சம் இறங்கியது. இந்த மூவரையும் வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

இப்போது மூன்றாம் முறை. “அடி வாங்காமல் ஓடுறவனை ஆரும் எடுக்கலாம்.” ஃப்ரிபூர்க் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பஸ் அண்ணை சோபாவில் சாய்ந்து, “இவன் இண்டைக்கு என்னையும் விழுத்திப்போடுவான் போல” என்றார். நான் என் கணவரின் உதட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்பு வந்துவிடாதா என்று பார்த்தேன். தெய்வமே, ஒரு சின்னச் சிரிப்பு. வரவில்லை. அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

தேத்தண்ணிக்கு உதவி வேண்டும் என்று அவரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றார். வெளிச்சம் கூசுவதுபோலக் கண்ணைச் சுருக்கினார்.

“என்னப்பா செய்யுது?” என்றேன்.

“ஒண்டுமில்லை. இண்டைக்கு மட்ச் எத்தினை மணிக்கு? சப்பாத்து காருக்குள்ளையோ இருக்கு?”

மட்ச் நேற்று முடிந்துவிட்டது. சேறு காய்ந்த சப்பாத்து அவர் காலடியில், பின் கதவோரம் கிடந்தது. அவருக்கு முப்பத்திரண்டு வயது. என்னைப் பார்த்து, என்ன பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று யோசிக்கிற மாதிரி நின்றார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரவேற்பறைக்குப் போனேன். “இவருக்கு நேற்றுத் தலையிலை அடிபட்டது. இப்ப என்ன நாள் எண்டு தெரியேல்லை” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஃப்ரிபூர்க் பெண் கையைக் கொட்டிச் சிரித்தாள். “அக்கா, நீங்களும் சேர்ந்திட்டியளோ! லொறிக்குத் தலையிலை அடி எண்டு நான் சொல்லுறதுக்கு முதல் நீங்களே உங்கட மனுசனை மடக்கிறியள்!”

“நான் பகிடிக்குச் சொல்லேல்லை. இவருக்கு நேற்றுத் தலையிலை அடிபட்டது.”

“ரெண்டாவது தடவை!” என்று மதுரைக்காரர் விரலை உயர்த்தினார். “அண்ணி, முகம் அப்படியே இருக்கணும், அதான் ரூல்.”

நான் மூன்றாம் முறையும் சொன்னேன். என்னை அறியாமல் அதே சொற்கள்தான் வந்தன. பஸ் அண்ணை தொடையில் தட்டிச் சிரித்தார். எத்தனை தரம் சொன்னாலும் அது அந்த விளையாட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. என் கணவரும் வந்து அவர்களோடு உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடிபட்டதை மறைத்தவள் நான். இப்போது திடீரென்று நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கைத்தொலைபேசியை எடுத்து அவசர இலக்கத்தை அழுத்தினேன். அறையின் நடுவில் நின்றுகொண்டே சுவிஸ் ஜெர்மனில் கதைத்தேன். கணவர், வயது, நேற்று மூன்று மணிக்குத் தலையில் அடி, இன்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், நேற்றை மறந்துவிட்டார். எங்கள் வீடுகளில் ஜெர்மன் வெளியே வருவது வதிவிடப் பெர்மிட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டருக்கும்தான். அந்த மொழியில் யாரும் பகிடி விடுவதில்லை. இரண்டாவது வசனம் முடிவதற்குள் பஸ் அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது.

மதுரைக்காரர் லாப்டொப்பை மூடினார். ஃப்ரிபூர்க் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. காரில் கூட்டிக்கொண்டு போகட்டோ என்று பஸ் அண்ணை எழும்பினார். வேண்டாம், அம்புலன்ஸ் வருகிறது, ஆளை அசைக்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அண்ணை இவருக்குப் பக்கத்தில் குந்தி அவருடைய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, நான் கை தட்டினனான்” என்றார்.

இவருக்குக் கோபம் வந்தது. “ஏனப்பா உமக்கு விசரோ? ஊரைக் கூட்டுறீர்?” என்று என்னைப் பேசினார். பிறகு குனிந்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். எப்போது அடிபட்டது என்று கேட்டாள். நேற்றுப் பின்னேரம் என்றேன். தட்டச்சுச் செய்துகொண்டே, அடிபட்டது உங்களுக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்டாள்.

“நேற்று” என்றேன்.

அவளுடைய விரல்கள் ஒரு நொடி நின்றன. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, திரும்பவும் தட்டத் தொடங்கினாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைப் படம் எடுக்க இவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கதவு திறக்கும்வரை நான் இருந்த இருப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பயம். பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் வந்து என்னை யார் என்று கேட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். காரில் நான் சொன்ன வசனத்தை எப்படியாவது திரும்ப எடுக்கலாமா என்று யோசித்தேன்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் மெல்லிய இரத்தக் கசிவு என்றார்கள். கூடினால் ஒப்பரேசன், கூடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். அடுத்த நாள் இரண்டாவது படம் எடுத்தார்கள். கூடவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிழமை சரியாகத் தெரிந்தது. புதன்கிழமை என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறினார், ஆனால் சண்டை பிடிக்கவில்லை. ஞாயிறு அவர் ஞாபகத்தில் இல்லை. என்ன சொன்னேன் என்று கேட்டார். நான் அவர் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன். மேசையில் தட்டியதைக்கூடச் செய்து காட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோச்சுக்கு நானே எடுத்துச் சொல்லிவிட்டேன் என்பதையும் அன்றுதான் சொன்னேன். சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் முதல் சுற்றுத் தெரிவு முடிந்திருந்தது. தொலைபேசி, தொலைக்காட்சி எதையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தார். எனக்கு மதுரைக்காரரிடமிருந்து செய்தி வந்திருந்தது. வழமையாக நூறு படம் போட்டு ஆர்ப்பாட்டம் செய்கிறவர், அன்று ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தார்.

“ஆரை எடுத்தவங்கள்?” என்று என் கணவர் கேட்டார்.

“லொறியை.”

துள்ளுவார் என்று பயந்தேன், தலையை அசைக்கக்கூடாது என்றிருந்தார்கள். அவர் துள்ளவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் மடித்தார். நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

“அவனுக்கு வீட்டிலை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்.

லொறியின் உயரம், பாரம், ஓடிய தூரம் எல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இதை மட்டும் நாங்கள் யாரும் தேடிப் பார்த்ததில்லை.

“தெரியாதப்பா” என்றேன்.