திரை நிறைய ஒரு பொய்

ஒரு மனிதனின் இரு கைகளும் நசுங்கக் காரணம் நான்தான். செங்கல்லைத் தூக்கியவர்கள் வேறு. அவர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தவன் நான்!

கொல்கத்தாவில் ஒரு வங்காளச் செய்திச் சேனலில் ஸ்விட்சர் மேசை என் பொறுப்பில் இருந்தது. எந்தக் காட்சி உங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று பொத்தானை அழுத்தித் தீர்மானிக்கும் வேலை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு என்னை நினைத்துப் பெருமை... எனக்கோ தலைகால் புரியாத கர்வம்.

அகலப் படம் எடுக்கும் காமிராக்கள் அப்போதுதான் வந்திருந்தன. வீடுகளிலோ பழைய, ஏறக்குறையச் சதுரமான டி.வி.கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால் முழுப் படமும் தெரியும். இரு ஓரங்களையும் வெட்டினால் திரை நிறையும். கறுப்புப் பட்டை எனக்கு ஆகவே ஆகாது! தொழில் தெரியாதவன் செய்கிற காரியம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அன்று பந்த். நகரின் டாக்குரியா பகுதியில் ஒரு பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள். நேரடிக் காட்சி வந்தது. என் முன்னாலிருந்த சிறிய மானிட்டரில் முழுப் படத்தையும் பார்த்தேன். நடுவில், குழாய் ரிப்பேர் செய்யும் பல்டு. பெயர் பிறகுதான் தெரிந்தது. இரும்புக் கம்பியால் பஸ் கதவை வெறிகொண்டவனாக அடித்துக்கொண்டிருந்தான். இடது ஓரத்தில், புகைக்குள், ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீண்டிருந்த ஒரு பெண்ணின் கைகள்...

பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓரங்களை வெட்டினேன்!

சிக்கிய கதவை உடைக்கப் போராடியவன், எரியும் பஸ்ஸை நொறுக்கும் ரவுடியாக ஊர் முழுவதும் போனான். ஓரத்தில் எதுவும் போய்விடவில்லையே என்று தயாரிப்பாளர் இயர்போனில் கேட்டார்.

"கிச்சு நா, தாதா" என்றேன். ‘ஒன்றுமில்லை, அண்ணா’ என்று அர்த்தம். ஒன்றுமில்லையாம்! சரிசெய்ய நேரம் இருந்தது. தவறை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. மறுநாள், டி.வி.யில் பார்த்த ஒரு கும்பல் பல்டுவைத் தெருவுக்கு இழுத்துவந்து, அவன் கைகளை நடைபாதை விளிம்பில் நீட்டி வைத்துச் செங்கல்லால் நசுக்கினார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அந்தக் காட்சியும் என் மேசைக்கு வந்தது. அதையும் திரை நிறைய அனுப்பினேன்... நான் எப்படிப்பட்டவன் என்று இப்போதாவது புரிகிறதா உங்களுக்கு?

சேனலில் பதிவாகியிருந்தது நான் வெட்டி அனுப்பிய படம் மட்டுமே. காமிராக்காரரும் புகையில் எதையும் கவனிக்கவில்லை என்றுவிட்டார். சாட்சி என்று மிஞ்சியவன் நான் ஒருவன்தான்.

சில வாரங்கள் கழித்துப் பல்டுவின் மனைவி, அந்தப் படத்தை அனுப்பியவன் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்து, அலுவலக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தாதா, ஜன்னல்ல ஒரு பொண்ணு கை நீட்டுச்சு, அவளைக் காப்பாத்தத்தான் கதவை உடைச்சேன்னு தினமும் சொல்லி அழறாரு. அந்தப் பொண்ணு செத்தது தெரிஞ்சதும் கட்டுன கதைன்னு ஊரே சிரிக்குது. நீங்க பார்த்தீங்களா? பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவளுக்குத் தேவை அந்த ஒரு வார்த்தைதான். என் வேலை போயிருக்கும். போனால் என்ன, உயிரா போயிருக்கும்?

"அப்படி யாரையும் நான் பார்க்கலை" என்றேன்.

சாலைக்கு எதிர்ப்புறம், கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு பல்டு உட்கார்ந்திருந்தான். அவள் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். அதுவரை அவனை நம்பியிருந்தவள் அவள் ஒருத்திதான்.